இல்லாத வீட்டைத் தேடி

இலண்டன் மாநகருக்குப் போகின்றவர்கள் பார்த்துவரவேண்டிய இடங்கள் எவையென்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் சொல்லுவார்கள். அரண்மனை, கோட்டை, தேம்ஸ் நதியின் தூக்குப்பாலம், மெழுகுப் பொம்மைச் சாலை என்று அது நீண்டுகொண்டே போகும். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் மூன்று கிழமைகள் அங்கே தங்கியிருந்தபோது அவற்றையெல்லாம் நாமும் பார்த்தோம் என்பது உண்மையே. ஆயினும் எமது குறிப்புப் புத்தகத்தில் முதலாவதாக எழுதி வைத்திருந்த இடம் அவற்றுள் ஒன்றன்று. அது ஒரு கிழவியின் வீடு.

அதற்குக் காரணம் எமது மாணவனொருவன். உயர்தர வகுப்பினருக்குப் பரீட்சை முடிந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கல்லூரி மண்டபத்தில் வெண்திரை கட்டி, ‘த லேடிகில்லர்ஸ்’ என்னும் பழைய ஆங்கிலப் படத்தைக் காட்டினோம். 1955ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் வெளிவந்த நகைச்சுவைப் படம் அது. பெண்களின் மனத்தை எளிதிற் கவரும் ஆடவனை ஆங்கிலேயர் வேடிக்கையாக அப்பெயரால் அழைப்பர். படமோ அச்சொல்லைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, ஒரு மூதாட்டியைக் கொல்ல முயலும் ஐந்து ஆடவரின் கதையைச் சொல்லுகிறது. துப்பாக்கிச் சண்டையும் வாகன ஓட்டமும் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இதைப் பொறுத்திருப்பார்களோ என்ற ஐயம் எமக்கு இருந்தது. முதற் பதினைந்து நிமிடங்களும் வாங்குகள் கிறீச்சிட்ட வண்ணமே இருந்தன. பின்னர் அந்த ஓசை நின்றுவிட்டது. படம் முடிந்து விளக்கேற்றியதும் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, “சேர், அந்த வீடு உண்மையிலை எங்கை இருக்கு?” என்று கேட்டான். கிங்ஸ் குறொஸ் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் என்று படத்தில் கண்டதையே திருப்பிச் சொன்னோமேயன்றி, எமக்கும் அதற்குமேல் தெரியாது. இலண்டன் போனால் பார்த்து வந்து சொல்லுகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். கொடுத்த வாக்கை ஆசிரியர் மறக்கலாம், மாணவர் மறப்பதில்லை.

படத்தைப் பாராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வில்பர்போஸ் அம்மையார் ஒரு விதவை. கப்பற் தலைவராயிருந்த அவருடைய கணவர் கப்பலோடு தாமும் கடலில் மூழ்கிப்போனவர். புகையிரதப் பாதைக்கு மேலே, முட்டுச் சந்தொன்றின் முடிவிலே, ஒருபுறம் சாய்ந்து நிற்கும் பழைய வீட்டில் அம்மையார் தம் கிளிகளோடு தனியே வாழ்ந்து வருகிறார். போர்க்காலத்துக் குண்டுவீச்சில் நிலம் இறங்கிப்போனமையால் அவ்வீட்டுச் சுவரில் எந்தப் படத்தையும் நேராகத் தூக்கமுடியாது. மாடியறை வாடகைக்கு உண்டு என்ற அறிவித்தலைக் கண்டு, பெரிய பற்களும் நீண்ட கழுத்துச்சால்வையுமாக ஒருவர் வருகிறார். தம்மைப் பேராசிரியர் மார்க்கஸ் என்கிறார். நண்பர் நால்வரோடு சேர்ந்து வாத்தியம் பயில அமைதியான இடம் வேண்டுமாம். உண்மையில் ஐவரும் கள்வர். மாடியில் இசைத்தட்டிலே பொக்கெறினியின் இனிய இசை சுழன்றுகொண்டிருக்க, அவர்கள் வரைபடத்தை விரித்துக் கொள்ளைக்கு வழி பார்க்கிறார்கள். கீழே அம்மையார், இக்காலத்திலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்களே என்று மனமுருகி, தேநீர்த் தட்டோடு படியேறி வந்து அடிக்கொருதரம் கதவைத் தட்டுகிறார்.

கொள்ளை நடக்கிறது. கைப்பற்றிய 60,000 பவுணையும் ஒரு பெட்டியில் இட்டுப் புகையிரத நிலையத்திற் சேர்ப்பித்து, அதைத் தமது பொருளென்று சொல்லி அம்மையாரைக் கொண்டே எடுப்பிக்கிறார்கள். பொலிசார் சுற்றிநிற்க, பணம் வாடகைக் காரில் ஏறி வீடு வந்து சேருகிறது. எல்லாம் இனிது முடிந்து ஐவரும் விடைபெறும் வேளையிலே, சேலோ வாத்தியப் பெட்டியின் வார் கதவிடுக்கில் அகப்பட்டுக்கொள்கிறது. முரடன் இழுத்த இழுப்பில் பெட்டி திறந்து தாள் காசுகள் சிதறுகின்றன. அம்மையாருக்கு உண்மை விளங்கிவிடுகிறது. பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டும் என்கிறார். இந்தப் பணத்தை இனி யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள், காப்புறுதிக் கட்டணத்தில் தலைக்கு ஒரு காலணா கூடும், அவ்வளவே, என்று பேராசிரியர் எடுத்துச் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. பொருளாதாரம் கற்பிக்கும் நண்பரொருவர் அந்த நியாயத்தைக் கேட்டு எழுந்து நின்று சிரித்தார். அம்மையாரிடம் அது செல்லவில்லை.

ஆகவே அவரைக் கொன்றுவிடுவது என்று முடிவாகித் தீக்குச்சி எடுத்துத் திருவுளம் பார்க்கிறார்கள். ஆனால் ஒருவருக்கும் கை எழவில்லை. பணத்தோடு ஓடப்பார்ப்பவனும் அவனைத் தடுப்பவனுமாக ஒருவரையொருவர் கொன்று, உடல்களை வீட்டுக்குக் கீழே போகும் சாமான் வண்டிகளில் தள்ளிவிடுகிறார்கள். கடைசியாக எஞ்சி நிற்கும் பேராசிரியரின் தலையில் புகையிரதக் கைகாட்டியே இறங்கி அவரையும் வண்டியிற் சேர்த்துவிடுகிறது. இவ்வளவும் நடக்கும்போது அம்மையார் கதிரையிலே தூங்கிக்கொண்டிருக்கிறார். மறுநாள் அவர் பொலிஸ் நிலையம் சென்று நடந்ததையெல்லாம் ஒன்றும் விடாமற் சொல்லுகிறார். அங்குள்ளவர்கள் அன்போடு தலையசைத்துக் கேட்டு, பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். படத்தின் தொடக்கத்தில், தம் தோழி வேற்றுலகத்தவரைக் கண்டதாகச் சொன்னது வெறும் கனவு என்று அறிவிப்பதற்காக இதே நிலையத்துக்கு வந்தவர்தானே! அவர் பேச்சை யார் பொருட்படுத்துவார்?

ஐந்து கொலைகள் உள்ள படத்தைப் பாடசாலையிற் காட்டலாமா என்று பெற்றார் ஒருவர் பின்னர் எம்மிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் அக்கொலைகளில் இரத்தம் ஒரு துளியும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கீழேயிருந்து எழும் புகைவண்டிப் புகை திரையை மூடிவிடுகிறது. நாம் சொன்ன விடையிலும் பார்க்க, வீட்டில் மகன் கதையைச் சொல்லித் தாயாரைச் சிரிக்கவைத்ததே அவருக்குக் கூடுதலான சமாதானம் அளித்தது போலும்.

இனி இலண்டனுக்கு வருவோம். எமக்குப் பதினைந்து வயது மூத்தவரான அக்கா, நகரின் வடமேற்கே ஹறோ என்னும் பகுதியில் வசிக்கிறார். 1980களில் புறப்பட்டுப் போனவர். அத்தான் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பின்வளவில் ஓர் அப்பிள் மரம் நிற்கும் வீட்டில் அக்கா இப்போது தனியாகவே இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் மணமுடித்து வேறிடங்களில் இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய வீடு உங்களுக்கு எதற்கு, விற்றுவிட்டு எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மாடிவீட்டுக்கு வாருங்கள் என்பது அவர்கள் கட்சி. நாம் போயிருந்த வேளையில் அப்பேச்சு முற்றி, வீட்டை மதிப்பிடுவதற்கு ஒரு தரகர் செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது.

சனிக்கிழமை இரவு எல்லோரும் கூடியிருந்து அதே படத்தை மீண்டும் பார்த்தோம். மருமக்கள் இருவரும் இலண்டனிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கமாட்டார்கள். எம் மாணவர்கள் சிரித்த இடங்கள் வேறு, இவர்கள் சிரித்த இடங்கள் வேறு. கிழவியின் தோழியர் கூட்டம் தேநீருக்கு வந்திறங்க, கள்வர் ஐவரும் கோப்பையும் கையுமாக அவர்களிடையே அகப்பட்டு நிற்கும் காட்சி எம் கல்லூரி மண்டபத்தில் அமைதியாகவே கழிந்தது. இங்கே அதற்குப் பெருஞ்சிரிப்பு. அத்தகைய தேநீர் விருந்துகளில் அகப்பட்ட அனுபவம் இவர்களுக்கு உண்டு என்று எண்ணிக்கொண்டோம். பொலிஸ் அதிகாரி அம்மையாரைத் தட்டிக்கொடுத்து வழியனுப்பும் கடைசிக் காட்சியில் இளைய மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

“அந்த மனிசி துவக்கத்திலையும் உண்மையைத்தான் சொன்னவ, முடிவிலையும் உண்மையைத்தான் சொன்னவ. ஒருத்தரும் காது குடுக்கேல்லை” என்றார்.

“ஓம் அம்மா, ஓம்” என்றான் இளையவன், கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

படத்தின் வீடு கிங்ஸ் குறொசுக்கு வடக்கே, கலிடோனியன் வீதியிலிருந்து பிரியும் பிறெடெறிக்கா வீதியில் எடுக்கப்பட்டது என்று நாம் எங்கோ வாசித்து வைத்திருந்தோம். அதைச் சொன்னதும் அக்கா நிமிர்ந்து பார்த்தார். அப்பகுதியில் ஒரு தபாற்கந்தோரில் அவர் நெடுங்காலம் வேலை பார்த்தவர். “பிறெடெறிக்கா வீதியோ? மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலை நான் நடந்து திரிஞ்ச இடமெல்லே. அங்கை அப்பிடி வீடு ஒண்டும் இல்லையடா தம்பி. றோட்டே இப்ப பழைய றோட்டு இல்லை.” நாமும் மருமகனைப் போலவே “ஓம் அக்கா” என்றோம். அச்சிலே வாசித்தது எம்மிடம் இருக்க, தபாற்கந்தோர்க் கதை எதற்கு என்பது அன்றைய எம் நினைப்பு.

திங்கட்கிழமை காலையிலே இளைய மருமகன் விடுமுறை எடுத்துக்கொண்டு எம்மோடு வந்தான். முதலில் பிரித்தானிய நூலகத்தில் ஒரு சிறு வேலை இருந்தது. 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தச் செங்கற் கட்டிடம் யூஸ்ரன் வீதியில் சென் பங்கிறஸ் புகையிரத நிலையத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. அலுவல் முடித்து வெளியே வந்து எதிர்ப்புறம் கடந்தால் சிறிது தூரத்தில் ஆர்கைல் வீதி. இருமருங்கும் மலிவான சிறு விடுதிகள் வரிசையாக உள்ள ஒடுங்கிய தெரு. அதனுள்ளே நடந்து சென்று திரும்பிப் பார்த்தபோது எமக்கு மெய்சிலிர்த்தது. வீட்டு வாசலிலிருந்து வில்பர்போஸ் அம்மையார் குடையோடு இறங்கிப்போகும்போது எதிரே தோன்றும் காட்சி அப்படியே இருந்தது. தெருவின் முடிவிலே, வானை முட்டும் ஊசிக் கோபுரங்களோடும் மணிக்கூட்டோடும் சென் பங்கிறஸ் நிலையத்தின் முகப்பு. 1868ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையம் அது. முகப்பிலுள்ள விடுதியை வரைந்தவர் கில்பேட் ஸ்கொற் என்னும் கட்டிடக் கலைஞர். 1960களில் இதை இடித்துவிட எண்ணியிருந்தார்கள். ஜோன் பெற்ஜமன் என்ற கவிஞர் முதலானோர் எதிர்த்துக் குரலெழுப்ப, 1967இல் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 2007ஆம் ஆண்டு முதல் பாரிசுக்குப் போகும் வண்டிகள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. கவிஞருக்கு உள்ளே ஒரு சிலையும் வைத்திருக்கிறார்கள்.

காட்சி இங்கே இருக்கிறது. ஆனால் வீட்டைக் காணோம். தெருவின் இரு முனைவரைக்கும் இரண்டு தடவை நடந்தோம். புகையிரதப் பாதையோ, சாய்ந்த வீடோ எங்கும் இல்லை.

கிங்ஸ் குறொஸ் என்ற பெயரே ஒரு நகைச்சுவைக் கதை என்பதை மாணவர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது. முன்னர் இவ்விடத்துக்குப் ‘பற்றில் பிறிட்ஜ்’ என்று பெயர். 1830ஆம் ஆண்டளவில் நான்காம் ஜோர்ஜ் மன்னருக்கு நாற்சந்தியில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதன் அடிக்கட்டிடம் முதலில் பொலிஸ் நிலையமாகவும் பின்னர் சாராயக் கடையாகவும் பயன்பட்டது. ஊரார் எள்ளி நகையாட, 1845இல் அதை இடித்தே விட்டார்கள். மன்னர் போனார், பெயர் நின்றது. 1852இல் புகையிரத நிலையம் எழுந்தபோது, இல்லாத ஒரு சின்னத்தின் பெயரையே அதற்கும் இட்டார்கள். இல்லாத வீட்டைத் தேடி வந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறெங்கே கிடைக்கும்?

கொள்ளை நடந்த தெருவைப் பார்க்கலாம் என்று நிலையத்தின் பின்புறம் சென்றோம். இரு நிலையங்களுக்கும் இடையே கிடந்த சேனி வீதியில் அக்காட்சிகளை எடுத்தார்கள். கல்பாவிய தெரு, கரிபடிந்த சுவர்கள், பின்னணியிலே பூதங்கள் போல எழுந்து நிற்கும் எரிவாயுக் கொள்கலன்களின் இரும்புச் சட்டங்கள் என்று படத்தில் அது கண்ணில் நிற்கும். இன்று அத்தெரு இல்லை. புதிய புகையிரதப் பாதைக்காகவும் பெருங் கட்டிடங்களுக்காகவும் அதை அழித்துவிட்டார்கள். இரும்புச் சட்டங்களை மட்டும் 2001இல் கழற்றி எடுத்துச் சென்று செப்பனிட்டுக் கால்வாய்க்கு அப்பால் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றின் நடுவே புல்தரை. ஒன்றோடொன்று பிணைந்த மூன்றின் உள்ளே வட்டவட்டமாக மாடிவீடுகள். பழைய தானியக் களஞ்சியம் கலைக் கல்லூரியாகிவிட்டது. அதன் முற்றத்தில் நிலத்திலிருந்து பீறிடும் நீர்த்தாரைகளிடையே சிறுவர்கள் ஓடி விளையாடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்தக் கரிபடிந்த தெரு எப்படி இருந்தது என்று அறிய விரும்புபவருக்கு இன்று அது நடந்து பார்க்கும் தெருவன்று. கள்வர் கதைக்குப் பின்னணியாக நின்ற சில நிமிடங்களே மிச்சம்.

அங்கிருந்து கலிடோனியன் வீதி வழியே வடக்கு நோக்கி நடந்தோம். ஸ்கொத்லாந்துப் பிள்ளைகளுக்காக அங்கே முன்னர் இருந்த ஓர் ஆதரவு இல்லத்தின் பெயரால் அமைந்த வீதி அது. 1842ஆம் ஆண்டு திறந்த பென்ரன்வில் சிறைச்சாலையும் இவ்வீதியிலேயே உயர்ந்த வெள்ளை மதிலோடு இருக்கிறது. நகைச்சுவைக் கள்வர் ஐவரையும் சிறைக்கு இவ்வளவு அருகே குடியேற்றியது தற்செயலோ, வேண்டுமென்றோ நாம் அறியோம்.

பிறெடெறிக்கா வீதிக்குத் திரும்பினோம். இருப்பவை பிற்காலத்தில் எழுந்த செங்கல் வீடுகள். சிறு முற்றங்கள், நிறுத்திய கார்கள், காயப்போட்ட துணிகள். பழைய தெருவின் சாயலே இல்லை. மேற்கே போனால் மதில். அப்பால் பள்ளத்திலே தண்டவாளங்கள். மருமகன் உயரமானவன். கைத்தொலைபேசியை மதிலுக்கு மேலே பிடித்துப் படமெடுத்துக் காட்டினான். தண்டவாளங்கள் ஓடி நுழையும் கரிய வாய்கள் தெரிந்தன. கொப்பன்ஹேகன் சுரங்கம்! படத்தில் பின்வளவுக்குக் கீழே புகை கக்கிய அதே சுரங்கம். வீடு நிற்கவேண்டிய இடத்தில் வெறும் ஆகாயம்.

மருமகன் அந்த இடத்தில் நின்றபடியே தொலைபேசியில் தேடி வாசித்துச் சொன்னான். வில்பர்போஸ் அம்மையாரின் வீடு ஒருநாளும் வீடாக இருந்ததில்லை. படப்பிடிப்புக்கென்று சுரங்க வாயிலின் மேலே ஒரு முகப்பைக் கட்டி, வேலை முடிந்ததும் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். முன்வாசலிலிருந்து தெரியும் தெரு ஒரு மைல் தெற்கேயுள்ள ஆர்கைல் வீதி. பின்யன்னலிலிருந்து தெரியும் பாதையோ இங்கே. காலையில் நாம் நின்றது வீட்டு வாசலில். இப்போது நிற்பது வீட்டின் கொல்லையில். இரண்டுக்கும் இடையே இரண்டு பெரும் புகையிரத நிலையங்களும் ஒரு கால்வாயும்! பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மைல் நிலத்தை மடித்து ஒரு வீட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

“அம்மா சொன்னது சரி” என்றான் மருமகன். சிறிது நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

மதிலோரம் அரைமணி நேரம் நின்றோம். பதினொரு வண்டிகள் போயின. எல்லாம் மின்சாரத்தில் ஓடும் பிரயாணிகள் வண்டிகள். புகையில்லை, கைகாட்டி மரமும் இல்லை. பேராசிரியர் மார்க்கஸ் இன்று வந்தால், பிணத்தைப் போடுவதற்குத் திறந்த சாமான் வண்டி ஒன்று வரும்வரை அம்மையாரின் தேநீரைக் குடித்துக்கொண்டே நெடுநேரம் காத்திருக்கவேண்டும். மதிலின் படத்தை எமது மாணவனுக்கு அனுப்பிவைத்தோம். உடனேயே மறுமொழி வந்தது: “சேர், இதிலை வீடு எங்கை?”

வீட்டைக் கட்டியவர்களைப் பற்றியும் அங்கு நின்றே சிந்திக்கலானோம். மேற்கு இலண்டனிலுள்ள ஈலிங் படப்பிடிப்பு நிலையத்தின் வெளியீடு இது. அந்நிலையத்தின் பெயர்பெற்ற நகைச்சுவைப் படங்களுள் பிந்தியது. 1955இல் அவ்விடத்தையே பி.பி.சி.க்கு விற்றுவிட்டார்கள். நெறியாளர் அலெக்சாண்டர் மக்கென்றிக் அமெரிக்காவில் பிறந்து ஸ்கொத்லாந்தில் வளர்ந்தவர். கதையை எழுதிய வில்லியம் றோஸ் அமெரிக்கர். முழுக் கதையையும் தாம் கனவிலே கண்டதாகச் சொன்னவர். ஆங்கில வாழ்க்கையின் அச்சான உருவம் என்று உலகம் கொண்டாடும் படத்தை ஆக்கிய இருவருமே இங்கிலாந்தின் மண்ணிற் பிறந்தவர் அல்லர். எழுதும்போதே இருவருக்கும் சண்டை மூண்டு றோஸ் இடையில் விலகிப்போனார் என்பதும் பலர் அறிந்த கதை.

தாம் எதைச் சொல்ல எண்ணினார் என்று மக்கென்றிக் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். பழம்பெருமை பேசும் அந்தச் சிறிய மூதாட்டிதான் மெலிந்துபோன பிரித்தானியா. முட்டுச் சந்தின் முடிவில் சாய்ந்து நிற்கும் வீடு அவளுடைய சாம்ராச்சியம். போருக்குப் பின் தளர்ந்த தேசத்தைப் பற்றிய கேலி அது. ஆனால் கொட்டகையில் இருந்தவர்கள் அதை அப்படி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தங்கள் வீட்டுப் பாட்டியைத் திரையில் கண்டதுபோல் மகிழ்ந்து சிரித்தார்கள். அடுத்த ஆண்டு, 1956இல், சூயெஸ் கால்வாய் விவகாரத்திலே அந்தத் தேசம் உலகத்தின் முன் தலைகுனிய நேர்ந்தது. சாய்ந்த வீட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதனுள்ளே தாங்களும் குடியிருந்ததை அப்போதாவது நினைத்தார்களோ?

அம்மையாராக நடித்த கேற்றி ஜோன்சன் காலமெல்லாம் சிறு வேடங்களில் நடித்தவர். இவ்வேடத்துக்கு அவர் மிகவும் தளர்ந்தவர் என்று கருதி முதலில் வயதிற் குறைந்த வேறொருவரைத் தெரிந்தெடுத்தார்கள் என்றும், அவர் படப்பிடிப்புத் தொடங்குமுன்னரே இறந்துவிட்டார் என்றும் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. அலெக் கின்னஸ், செசில் பாக்கர், ஹேர்பேட் லொம், அப்போது வானொலியாற் பெயர்பெற்றிருந்த பீற்றர் செல்லர்ஸ், டனி கிறீன் ஆகிய ஐந்து வல்லவர்களும் சூழ்ந்து நிற்க, பிரித்தானியத் திரைப்படக் கழகத்தாரின் சிறந்த நடிகைப் பரிசைத் தம் 77ஆம் வயதில் பெற்றவர் அந்த மூதாட்டியே. அடுத்த ஆண்டு, 1957இல், காலமானார். கதையிற் போலவே வெளியிலும் ஐவரையும் வென்றுவிட்டார். 2004ஆம் ஆண்டு அமெரிக்கச் சகோதரர்களான கோயன் இருவரும் இக்கதையை மிசிசிப்பி நதிக்கரைக்குக் கொண்டுபோய் மறுபடி எடுத்தார்கள். அதை விமரிசகர் பலர் விரும்பவில்லை. ஆனால் அதிலும் மூதாட்டியாக வந்த ஏமா ஹோல் என்பவருக்குக் கான் திரைப்பட விழாவிலே நடுவர் பரிசு கிடைத்தது. கள்வருக்கு இம்முறையும் ஒன்றும் இல்லை.

எல்லாம் குறையற்ற படம் என்றும் நாம் சொல்லமாட்டோம். கூட்டிலிருந்து தப்பிய கிளியை ஐவரும் துரத்தும் பகுதி தேவைக்குமேல் நீளம். கட்டுக்கோப்பைப் பார்த்தால் இதற்கு முந்திய ‘த லவென்டர் ஹில் மொப்’ என்னும் ஈலிங் படமே சிறந்தது என்போரும் உண்டு. 1951இல் வந்த அப்படத்திலும் அலெக் கின்னஸ்தான் கள்வர் தலைவர். திருடிய பொன்னை உருக்கி ஈபெல் கோபுரப் பொம்மைகளாகச் செய்து கடல் கடத்துவார். ஆனால் அவர் கடைசியிற் கைவிலங்கோடு எழுந்து போகிறார். குற்றவாளி தப்பக்கூடாது என்பது அக்காலத்துத் திரைப்பட நியதி. ‘லேடிகில்லர்ஸ்’ அந்த நியதியைக் காப்பாற்றிக்கொண்டே பணத்தை மட்டும் தப்பவைத்துவிட்டது! 1999ஆம் ஆண்டு பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் அந்நாட்டின் சிறந்த நூறு படங்களைத் தெரிந்தபோது, இப்படம் 13ஆம் இடத்தைப் பெற்றது. 11ஆம் இடத்தில் நின்றது ‘குவாய் நதிப் பாலம்’. நமது கித்துல்கலையிலே களனி கங்கைக்குக் குறுக்கே பாலம் கட்டி எடுத்த படம். அதிலும் நாயகர் இதே கின்னஸ். அந்தப் பாலத்தையும் தேடிக் கித்துல்கலைக்கு உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள். இல்லாததைத் தேடி அலைவதில் நாம் தனித்தவர்கள் அல்லர் என்பது ஓர் ஆறுதல்.

மாலையானபின் ஹறோவுக்குத் திரும்பினோம். அக்கா குசினியில் நின்றார்.

“கண்டனியோ, தம்பி?”

“வீடு இல்லை, அக்கா. சுரங்கம் மட்டும் இருக்கு. றோட்டும் பழைய றோட்டு இல்லை.”

“நான் சொன்னனான் எல்லே” என்றார். அதில் வெற்றிக் களிப்பு ஒன்றும் இல்லை. தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டே, “நாளைக்கு அந்தத் தரகன் வரட்டும். ஆனால் அவனோடை கதைக்கிறது நான்தான்” என்றார்.

“ஓம் அம்...” என்று தொடங்கிய மருமகன் பாதியில் நிறுத்திக்கொண்டான். தொலைபேசியை மேசைமேற் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தான்.

“நீங்கள் அவனுக்கு என்ன சொல்லப்போறியள், அம்மா?”

அக்கா உடனே மறுமொழி சொல்லவில்லை. முதலில் எங்கள் இருவருக்கும் தேநீர் வார்த்தார்.